குடும்பத்துத் தண்ணீர்ப் பந்தல் பற்றித் தேட வரலாற்றுக் கழக நூலகத்துக்குப் போகலாமா? (ஸ்ரீவைகுண்டம் பக்கம்)

கேள்வி: ஆச்சிவீட்டுப் பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது கோவையில், அப்பா வழியில் பூர்வீகம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு சின்ன ஊர். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டோரம் எங்கள் வீட்டு முன்னோர் ஒரு தண்ணீர்ப் பந்தல் நடத்தினார்கள் என்று ஆச்சி சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்குச் சித்திரை வைகாசியில் நீர்மோரும் பானகமும், மற்ற நாளில் மண்பானைத் தண்ணீரும் கொடுப்பார்களாம். அந்தச் செலவுக்கென்று கொஞ்சம் நஞ்சை தனியாக விட்டிருந்ததாம். யார் விட்டது, எப்போது, ஏன் நின்றது என்று ஆச்சிக்கே சரியாகத் தெரியாது. போன ஆவணியில் ஆச்சியும் தவறிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு இது மனதை அரிக்க ஆரம்பித்தது.

கையில் இருப்பது மூன்று. கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) போட்ட ஒரு கிரயப் பத்திரத்தின் நகல், பின்னால் ஒரு கல்மண்டபம் தெரிகிற பழைய போட்டோ, சிவப்புத் துணியில் சுற்றிய ஓர் ஓலைக்கட்டு. ஓலையில் இருப்பதை வீட்டில் யாராலும் வாசிக்க முடியவில்லை.

எங்கள் பூர்வீக ஊருக்குப் பக்கத்து டவுனில் ஒரு வரலாற்றுக் கழகம் இருக்கிறது. மாடியில் ஒரு நூலகம், ஞாயிறு காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை மட்டும் திறப்பார்களாம். நான் உறுப்பினர் இல்லை, ஆராய்ச்சி மாணவியும் இல்லை, பல்கலைக்கழகக் கடிதம் எதுவும் கிடையாது. சொந்த விஷயத்துக்காகப் போனால் உள்ளே விடுவார்களா? போய் என்ன கேட்க வேண்டும்? ஓலைக்கட்டை எடுத்துப் போகலாமா? நிலத்துக்கு உரிமை கேட்கிற எண்ணம் துளியும் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

---

பதில் 1: அலமாரிச்சாவி

தங்கச்சி, தாராளமாகப் போகலாம். நான் வேறொரு மாவட்டத்தில் இதே மாதிரி ஒரு கழகத்தின் நூலகத்தில் பத்து வருஷமாக ஞாயிறுதோறும் உட்கார்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சொந்த ஊர், சொந்தக் குடும்பம் என்று தேடி வருகிறவர்கள்தான். கடிதமெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். செயலாளருக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டு, இன்ன ஊர், இன்ன விஷயம், இந்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இந்த மாதிரி இடங்களில் அட்டவணை என்பது பெரும்பாலும் ஒரு நீள நோட்டுதான். அதிலும் புத்தகங்களைப் பொருள்வாரியாக எழுதியிருக்க மாட்டார்கள், யார் கொடுத்தார்கள் என்ற வரிசையில் இருக்கும். எந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்பது அங்கே இருக்கிற ஒருவருக்கு, இல்லாவிட்டால் இரண்டு பேருக்குத்தான் தெரியும். முன்னமே சொல்லிவைத்தால் அவர் அந்த வாரம் முழுக்க யோசித்து, நீங்கள் போகும்போது நாலு கட்டை எடுத்து மேஜையில் வைத்திருப்பார். சொல்லாமல் போனால் மூன்று மணி நேரமும் அலமாரியை வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விடும்.

"எங்கள் குடும்ப வரலாறு வேண்டும்" என்று கேட்காதீர்கள், அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. "இந்த ரோட்டில் இருந்த தண்ணீர்ப் பந்தல்கள், சத்திரங்கள், கல்மண்டபங்கள் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது" என்று கேளுங்கள். ஆள் பெயரைவிட இடத்தை வைத்துத் தேடினால்தான் இந்த நூலகங்களில் ஏதாவது அகப்படும்.

அப்புறம், அச்சுப் புத்தகங்களுக்காக அங்கே போய் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். திருநெல்வேலி ஜில்லாவைப் பற்றி ஸ்டூவர்ட் எழுதிய 1879 மேனுவல், கால்டுவெல்லின் 1881 வரலாறு, பேட் எழுதிய 1917 கெஸட்டியர் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பாருங்கள். பழைய தமிழ்ப் பத்திரிகை, சின்னச் சின்னப் பிரசுரம் என்றால் சென்னை தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தது, அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி 1994-ல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. அங்கும் தனி ஆட்கள் போய்ப் பார்க்கலாம்.

ஊர்க் கழகத்தில் மட்டும் கிடைப்பது வேறு சரக்கு. கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், கூட்டுறவு பண்டகசாலை ஆண்டறிக்கை, ஊர்ப் பெரியவர் யாரோ கைப்பட எழுதி வைத்த நோட்டு, உறுப்பினர்கள் ஊர் ஊராகச் சுற்றி எடுத்த கல்வெட்டுப் படி, போட்டோ. இவற்றுக்கு வேறு எங்கேயும் பிரதி இருக்காது. கும்பாபிஷேக மலரைச் சாதாரணமாக நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். பின்பக்க விளம்பரங்களையும் நன்கொடைப் பட்டியலையும் ஒன்று விடாமல் படியுங்கள், ஊரில் யார் யார் எந்தத் தர்மத்துக்குப் பொறுப்பு என்பது அதில்தான் வரும்.

பென்சில் கொண்டு போங்கள், பேனா வேண்டாம். போட்டோ எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். ஒவ்வொரு போட்டோவுக்கு முன்னாலும் அந்தப் புத்தகத்தின் அட்டையையும் ஒரு போட்டோ எடுங்கள். எத்தனையோ பேர் உள்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய், ஆறு மாதம் கழித்து இது எதிலிருந்து எடுத்தது என்று எனக்குப் போன் செய்கிறார்கள், எனக்கு எப்படித் தெரியும்?

அங்கே ஆண்டுச் சந்தா இருந்தால் கட்டி உறுப்பினராகிவிடுங்கள். மின்கட்டணம், பூச்சிமருந்து, வாடகை எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது.

---

பதில் 2: பசலிக்கணக்கு

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கேள்வியைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது இனாம் பதிவேடு, அதாவது வரியைத் தள்ளி மானியமாக விட்ட நிலங்களின் பதிவேடு. தர்மத்துக்கென்று நஞ்சை விட்டிருந்தது என்று உங்கள் ஆச்சி சொன்னதுதான் இதில் முக்கியமான நூல். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் விட்ட மாதிரியே தண்ணீர்ப் பந்தல் தர்மத்துக்கும் இனாம் நிலம் விடுவது வழக்கம்.

1858-ல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைத்து, அடுத்து வந்த சில வருஷங்களில் கிராமம் கிராமமாக விசாரித்துப் பதிவேடு எழுதினார்கள். நாங்கள் ஐ.எஃப்.ஆர் (இனாம் ஃபேர் ரிஜிஸ்டர்) என்போம். ஒவ்வொரு இனாமுக்கும் இருபதுக்கு மேல் பத்திகள் இருக்கும். என்ன காரியத்துக்காக விட்டது, யார் விட்டது, சன்னது (உரிமைப் பத்திரம்) உண்டா, எவ்வளவு நிலம், அந்தத் தர்மம் அப்போது நடந்துகொண்டிருக்கிறதா, இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் வாங்கியவருக்கு இவர் என்ன உறவு என்றெல்லாம் விசாரித்து எழுதியிருப்பார்கள். குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல காகிதம் என் அனுபவத்தில் இல்லை, ஒரே வரியில் மூன்று தலைமுறைகூடக் கிடைக்கும். இது எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, மனுக் கொடுத்து நகல் வாங்கலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே பாருங்கள். உங்கள் ஊர் அந்தக் காலத்தில் ரயத்துவாரிக் கிராமமா (விவசாயி நேராகச் சர்க்காருக்கே வரி கட்டுவது), ஜமீன் கிராமமா? ஜமீன்களுக்கு நிரந்தர சன்னது கொடுத்த பிறகு ஜமீன்தார் தானாக விட்ட இனாம் என்றால் கமிஷன் அதை எடுத்திருக்காது. அப்படியானால் ஐ.எஃப்.ஆரில் இல்லை என்பதால் தர்மமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தக் கேள்விக்குக் கழகத்துப் பெரியவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடுவார்கள், எழும்பூரில் கேட்டால் நீங்கள்தான் தேட வேண்டும். அதனால் முதலில் கழகம், அப்புறம் எழும்பூர்.

தூத்துக்குடி மாவட்டம் என்று தேடாதீர்கள். அது 1986-ல்தான் பிரிந்தது, பழைய காகிதமெல்லாம் திருநெல்வேலியில்தான் வரும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை அந்தக் காலத்தில் எப்படி எழுதினார்கள் என்றும் பார்த்து வையுங்கள். திருநெல்வேலியே தின்னவெலி, பாளையங்கோட்டை பாலம்கோட்டா என்றுதான் இருக்கும்.

ஆண்டுக் கணக்கு: பத்திரத்தில் கொல்லம் இருந்தால் 825 கூட்டுங்கள், ஆவணியிலிருந்து மார்கழி வரையுள்ள மாதம் என்றால் 824 கூட்டுங்கள். வருவாய்க் காகிதத்தில் பசலி இருந்தால் 590 கூட்டுங்கள், பசலி ஜூலை 1-ல் தொடங்கும். வெறும் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதை மறக்க வேண்டாம். துந்துபி என்று இருந்தால் 1862-ம் ஆகலாம், 1922-ம் ஆகலாம்.

---

பதில் 3: கரிசல்காட்டான்

மேலே ரெண்டு பேரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஓலைக்கட்டு பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு நடந்தது.

என் தாத்தாவின் கணக்கு ஓலைகளும் ஒரு செப்புப் பட்டயமும் வீட்டில் இருந்தன. படித்துச் சொல்கிறேன், நகல் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று ஆர்வமாகப் பேசிய ஒருவரிடம் நம்பிக் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை, போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் வேறொருவரிடம் இருக்கிறது என்பார், இப்போது போனையும் எடுப்பதில்லை. அந்தப் பட்டயத்தில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு இன்று என் வீட்டில் ஒரு வரி சாட்சி இல்லை. அப்பா சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் முதல் தடவை அசலை எடுத்துப் போகாதீர்கள் அக்கா. வீட்டிலேயே வெளிச்சமான இடத்தில் துணியை விரித்து, ஓலைகளைக் கயிற்று வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக, முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலும் எண் எழுதிய துண்டுச் சீட்டும் வையுங்கள். ஓலை ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க வேண்டாம், அதை அப்படியே விட்டுவிடுங்கள். எழுத்து தெரியவில்லையே என்று மை, எண்ணெய், மஞ்சள் எதையும் தடவ வேண்டாம், தெரிந்தவர் கை வைக்கட்டும். முதலில் போட்டோவைக் காட்டுங்கள். பிறகு என்றாவது அசலைக் கொடுக்க நினைத்தால், தனி ஆளிடம் கொடுக்காமல் நிறுவனத்தின் பெயரில், எத்தனை ஓலை என்று எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

---

பதில் 4: முத்துநகர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் தாத்தா தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்பு போய்ப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர், 1940களில். இந்த மாதிரிக் கழகத்தில் அவரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா?

பதில் 5: அலமாரிச்சாவி

முத்துநகர் தம்பி, ஊர்க் கழகத்தில் கொழும்பிலிருந்து வந்த நன்கொடைப் பட்டியலில் பெயர் கிடைக்கலாம், கடை பற்றி அங்கே தேடுவதைவிட ஃபெர்குசன் இலங்கை டைரக்டரியின் பழைய தொகுதிகளைப் பாருங்கள், வியாபார நிறுவனங்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். நூலகம் அறக்கட்டளையின் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளும் மலர்களும் ஏராளமாக இருக்கின்றன. கடைப் பெயர் தெரிந்தால் அதை வைத்துத் தேடுங்கள். இதற்குத் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், இலங்கைக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

---

கேட்டவர்: ஆச்சிவீட்டுப் பேத்தி (நான்கு வாரம் கழித்து)

போய்விட்டு வந்தேன். இரண்டு ஞாயிறு போனேன். எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அலமாரிச்சாவி அண்ணாச்சி சொன்னபடி முதலில் போன் செய்தேன். எடுத்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நான் "கல்மண்டபம்" என்று சொன்னதும், "ரோட்டுக்கு வடக்கேயா தெற்கேயா?" என்று கேட்டார். எனக்கு அதுகூடத் தெரியவில்லை. போட்டோவை அனுப்பச் சொன்னார், நிழல் விழுந்திருக்கிற திசையைப் பார்த்துவிட்டு அவரே வடக்கே என்று சொல்லிவிட்டார்.

நூலகம் என்பது மாடியில் ஒரே அறை, நாலு இரும்பு பீரோ, திறந்தால் ரசகற்பூர வாசனை. எனக்காக மூன்று கட்டு எடுத்து வைத்திருந்தார். ஒன்றில் ஒரு கோயில் கும்பாபிஷேக மலர். அதில் திருச்செந்தூர் சாலை மண்டபங்கள் என்று நாலு பக்கக் கட்டுரை, எங்கள் ஊர் மண்டபமும் ஒரு வரியில் வருகிறது. 1923-ல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் ஓட ஆரம்பித்த பிறகு நடந்து போகிற கூட்டம் குறைந்து, இந்தப் பந்தல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் நின்றது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் அது.

இரண்டாவது கட்டில் ஒரு கோடு போட்ட நோட்டு. கழகத்தில் முன்பு இருந்த ஒரு ஆசிரியர், இப்போது உயிரோடு இல்லை, சைக்கிளில் சுற்றி ரோட்டோரக் கற்களையெல்லாம் வரைந்து எழுதி வைத்திருக்கிறார். எங்கள் மண்டபத்துக்கு நாற்பது அடி தள்ளி ஒரு சுமைதாங்கிக் கல்லாம். ரோட்டை உயர்த்தியபோது பாதி புதைந்துவிட்டது, கையாலேயே மண்ணைத் தள்ளிக் கீழ்வரியைப் படித்தேன் என்று அவரே குறித்திருக்கிறார். கல்லில் இருந்த எழுத்தை அப்படியே வரைந்திருந்தார். ௲௨௰௮ என்று இருந்ததை நான் ஏதோ எழுத்து என்று நினைத்தேன். போனில் பேசிய அந்தத் தமிழாசிரியர் ஐயாதான் ஒவ்வொன்றாகக் காட்டினார், ௲ ஆயிரம், அடுத்து இரண்டு பத்து எட்டு, பக்கத்தில் ௵ வருஷத்துக்கான குறி. கொல்லம் 1028, பரிதாபி வருஷம், தை மாதம்.

அதற்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர். எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் வைக்கிறார்கள், இப்போது என் அத்தைக்கு இருக்கிறது, ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது அந்தக் காலத்து வழக்கம், இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக வருகிற போகிறவர்கள் சுமையை இறக்கி வைக்கட்டும் என்று, அப்படி ஐயா சொன்னார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. ஐயா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு, கீழே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

அத்தையிடம் அன்று ராத்திரியே போனில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, கல் எந்த இடம் என்று மட்டும் கேட்டார்கள்.

தண்ணீர்ப் பந்தலும் அவளுக்காகத்தான் தொடங்கினார்களா என்பது கல்லில் இல்லை. ஊர் ரயத்துவாரிதான் என்று ஐயா உறுதியாகச் சொன்னார். ஓலைகளை 46 போட்டோவாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன், மேலோட்டமாகப் பார்த்ததில் நெல் கணக்கு மாதிரி இருக்கிறது, மா, காணி, முந்திரி என்கிற பழைய பின்ன அளவுகள் வருகின்றன என்றார். அசல் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது, கரிசல்காட்டான் தம்பி. சந்தா கட்டிவிட்டேன். கல்மண்டபம் தெரிகிற அந்தப் பழைய போட்டோவின் பிரதி ஒன்றையும், பின்னால் ஊர்ப் பெயரையும் ஆச்சி சொன்னதையும் எழுதி, நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து எழும்பூர். அங்கே என்ன கேட்க வேண்டும்?

---

பதில் 6: பசலிக்கணக்கு

படித்துவிட்டு என் வீட்டுக்காரியிடமும் வாசித்துக் காட்டினேன் அம்மா.

கொல்லம் 1028 தை என்றால் 1853 ஜனவரி, பிப்ரவரி. பரிதாபி 1852 சித்திரையில் பிறந்த வருஷம், அதனால் கணக்கு பொருந்துகிறது, அந்த ஆசிரியர் கல்லைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். இனாம் கமிஷன்காரர்கள் உங்கள் ஊருக்கு வந்தது அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு. அப்படியென்றால் அந்தப் பெண்ணின் புருஷனோ தகப்பனோ அப்போது உயிரோடு இருந்திருக்க வாய்ப்பு உண்டு, பந்தலுக்கு நிலம் இருந்தது உண்மையானால் விசாரணைக்கு அவரையே கூப்பிட்டிருக்கலாம். பந்தல் கல்லுக்கு முந்தியதா பிந்தியதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

மனுவில் திருநெல்வேலி ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றும் எழுதுங்கள். தாலுகா எல்லை மாறியிருக்கும், கமிஷன் காலத்தில் ஊர் எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதை அந்த ஐயாவிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பப் பெயரை மட்டும் வைத்துக் கேட்காமல், அந்தக் கிராமத்தின் தர்ம இனாம் பதிவுகள் எல்லாவற்றையும் கேளுங்கள், ஏனென்றால் பந்தல் வேறொருவர் பெயரில் பதிவாகி, உங்கள் ஆட்கள் நடத்துகிறவர்களாக மட்டும் இருந்திருக்கலாம். நகல் வந்ததும் "எந்தக் காரியத்துக்காக", "இப்போது நடக்கிறதா" என்கிற பத்திகளை முதலில் பாருங்கள். கையெழுத்து புரியாவிட்டால் இங்கே போடுங்கள், அந்தக் கால ரைட்டர்களின் ஆங்கிலக் கையெழுத்து எனக்குப் பழக்கம்.